9950எக்ஸா, திரெட்ரிப்பரா? பம்ப் டிசைனுக்கு ஓபன்ஃபோம் ஓட்ட எதை வாங்குவது?

#1 நொய்யல்கரை

எல்லோருக்கும் வணக்கம். கோவை கணபதி பக்கம் ஒரு சிறிய பம்ப் பட்டறையில் டிசைன் வேலை பார்க்கிறேன். போர்வெல்லுக்கான சப்மெர்சிபிள் பம்ப்தான் எங்கள் முக்கியத் தயாரிப்பு. இம்பெல்லரை (பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) வார்த்து, கடைந்து, டெஸ்ட் பெட்டில் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கிறோம். மென்பொருள் ஓபன்ஃபோம், தண்ணீர் எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவது. உபுண்டுவில் ஓடுகிறது.

இப்போது இருப்பது ஏஎம்டியின் ரைசன் 9 3900எக்ஸ் பிராசசர், 12 கோர் (உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்). ராம் 32 ஜிபி இரண்டு, டிடிஆர்4 3200. தண்ணீர் ஓடும் இடத்தைச் சின்னச் சின்னச் செல்லாகப் பிரித்த மெஷ் சுமார் 1.2 கோடி செல். ஒரு ஓட்டம் முடிய 14 மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக்குப் போட்டால் மறுநாள் காலை எட்டு மணி வரை ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த வருடம் மெஷ்ஷை இரண்டு கோடிக்கு மேல் கொண்டுபோகும் எண்ணமும் இருக்கிறது.

முதலாளி புது மெஷினுக்குச் சம்மதித்துவிட்டார். நான் கேட்டு இதுவரை எதற்கும் இவ்வளவு பெரிய தொகையை அவர் ஒதுக்கியதில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒரு கடைக்காரர் ரைசன் 9 9950எக்ஸ் தாராளம் என்கிறார். இன்னொருவர், ராத்திரி பகலாக ஓடுகிற வேலைக்கு வொர்க்ஸ்டேஷன்தான் (கனமான வேலைக்கான கம்ப்யூட்டர்), அதற்கான ஏஎம்டி சிப் திரெட்ரிப்பர் 9960எக்ஸ் எடுங்கள் என்கிறார். 9950எக்ஸின் 16 கோரா, 9960எக்ஸின் 24 கோரா? இந்த எட்டு கோருக்கு அவ்வளவு காசு கொடுக்கலாமா?

#2 வைகைப்பாலம்

சகோ, நான் மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் கடன் வாங்கி 24 கோர் வொர்க்ஸ்டேஷன் போட்டேன். கேமராவிலிருந்து வருவதெல்லாம் எச்.265, 10 பிட், 4:2:2, அதாவது நிற விவரம் அதிகமாக வைத்துச் சுருக்கிய வீடியோ. டைம்லைனில் வைத்து இழுத்தால் திக்கித் திக்கித்தான் ஓடும். பக்கத்துத் தெருத் தம்பி சாதாரண இன்டெல் சிப் வைத்திருக்கிறான். அவனிடம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. இன்டெல்லின் மெயின்ஸ்ட்ரீம் சிப்பில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் குவிக்சிங்க் என்று ஒரு பகுதி இருக்கிறது. 11வது தலைமுறையிலிருந்து அது இந்த வகைக் கோப்பைத் தானே பிரித்துக் கொடுத்துவிடும். என் பெரிய சிப்பில் அந்தப் பகுதியே கிடையாது. அன்றைக்கு இருந்த என்விடியா கார்டுகளும் 4:2:2-ஐத் தொடாது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது.

சிப்பைக் குறை சொல்ல மாட்டேன். என் வேலை என்ன கேட்கிறது என்று பார்க்காமல் வாங்கியது நான்தான். கடன் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நீங்கள் 9950எக்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

#3 நீர்ச்சுழி

வைகைப்பாலம் சொல்வது வீடியோவுக்குச் சரி. ஆனால் நொய்யல்கரை கேட்பது வேறு வேலை. நான் பதினோரு வருடமாக சிஎஃப்டி (திரவ ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவது) செய்கிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

தம்பி, நீங்கள் கோரை எண்ணுகிறீர்கள். ஓபன்ஃபோமுக்குக் கோர் பெரும்பாலும் பட்டினி கிடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கோடிக்கணக்கான செல்களின் வேகம், அழுத்தம், டர்புலன்ஸ் எல்லாவற்றையும் ராமிலிருந்து எடுத்து, இரண்டு மூன்று கூட்டல் பெருக்கல் செய்து, திரும்ப ராமில் வைக்கிறது. கணக்கு கொஞ்சம்தான், சுமந்துபோய் வருவதுதான் அதிகம். உங்கள் தொழிலில் வைத்துச் சொன்னால், ஒரே கிணற்றில் பன்னிரண்டு மோட்டார் இறக்கியிருக்கிறீர்கள். ஊற்று எவ்வளவோ அவ்வளவு தண்ணீர்தான் மேலே வரும்.

அந்த ஊற்றுக்குப் பெயர் மெமரி பேண்ட்வித், ராமுக்கும் பிராசசருக்கும் நடுவில் ஒரு நொடியில் போகும் தரவின் அளவு. கணக்கு சுலபம்: சானல் (அந்தத் தரவு போகும் பாதை) எண்ணிக்கை, பெருக்கல் 8 பைட், பெருக்கல் ராமின் வேகம்.

உங்கள் 3900எக்ஸ்: 2 சானல், 3200. நொடிக்கு 51.2 ஜிபி.
9950எக்ஸ்: 2 சானல், ஏஎம்டி சொல்லும் 5600-இல் 89.6 ஜிபி. 6000 ராம் போட்டு ஓட்டினால் 96.
திரெட்ரிப்பர் 7960எக்ஸ், 2023 நவம்பரில் வந்தது: 4 சானல், 5200. 166.4 ஜிபி.
திரெட்ரிப்பர் 9960எக்ஸ், 2025 ஜூலையில் வந்தது: 4 சானல், 6400. 204.8 ஜிபி.
திரெட்ரிப்பர் ப்ரோ என்றால் 8 சானல். இன்டெல்லில் சியான் டபிள்யூ-2400 வரிசை 4 சானல், டபிள்யூ-3400 வரிசை 8 சானல்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் விகிதம் ஏறத்தாழ இப்படியே நிற்கும். 9950எக்ஸுக்கும் 9960எக்ஸுக்கும் நடுவில் கோர் வித்தியாசம் ஒன்றரை மடங்கு. பேண்ட்வித் வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல். வொர்க்ஸ்டேஷன் சிப்புக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்த சானலுக்கும், கார்டு, எஸ்எஸ்டி இணைக்கும் பிசிஐஇ லேனுக்கும்தான் போகிறது.

என் பேச்சை நம்பி வாங்க வேண்டாம். ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் நிஜ மெஷ்ஷை 50 சுற்று மட்டும் 1, 2, 4, 6, 8, 12 கோரில் ஓட்டி நேரம் குறியுங்கள். அப்புறம் மெஷினை அணைத்து, ஒரு ராமைக் கழற்றிவிட்டு, அதாவது ஒரே சானலில், 12 கோரில் மறுபடி ஓட்டுங்கள். 1.2 கோடி செல் 32 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஒரு ராமில் நேரம் இரண்டு மடங்கு ஆகிறதா என்று பாருங்கள்.

#4 கோர்விரும்பி

சானல் எல்லாம் சரிதான், ஆனால் காசு கொடுப்பது என்று முடிவான பிறகு ஏன் 24-இல் நிற்க வேண்டும்? 64 கோர் 9980எக்ஸ் போட்டால் பத்து வருடம் கவலை இல்லை.

#5 நீர்ச்சுழி

கோர்விரும்பி, 9960எக்ஸுக்கும் 9980எக்ஸுக்கும் ஒரே சாக்கெட், அதே நாலு சானல், அதே 204.8 ஜிபி. அறிமுக விலை 1499 டாலர், 4999 டாலர். மூவாயிரத்து ஐந்நூறு டாலர் அதிகம் கொடுத்து அதே ஊற்றில் இன்னும் நாற்பது மோட்டார் இறக்குகிறோம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சிபியு ரெண்டருக்கு 64 கோரும் வியர்க்கும், அங்கே அது தங்கம். இங்கே அல்ல.

பேண்ட்வித்தை ஒதுக்கி வைத்தாலும் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிரித்துச் செய்யக்கூடியது, பத்து பங்கு ஒற்றையாகத்தான் ஓடும் என்று வையுங்கள். 16 கோரில் 6.4 மடங்கு வேகம் கிடைக்கும். 32 கோரில் 7.8. 64 கோரில் 8.8 கூட வராது. கோடி கோர் போட்டாலும் பத்தைத் தாண்ட முடியாது.

#6 நொய்யல்கரை

அக்கா, நேற்று முழுக்க உட்கார்ந்து ஓட்டினேன். 50 சுற்றுக்கு ஆன நேரம்:

1 கோர்: 42 நிமிடம்
2 கோர்: 23
4 கோர்: 13.5
6 கோர்: 11.2
8 கோர்: 10.6
12 கோர்: 10.5

ஒரு ராமைக் கழற்றிய பிறகு 12 கோர்: 20 நிமிடம்.

பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடமாகப் பன்னிரண்டு கோரும் நூறு சதவீதம் காட்டுவதைப் பார்த்து, மெஷின் உயிரைக் கொடுத்து உழைக்கிறது என்று நினைத்திருந்தேன். பாதிக் கோர் ராமுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. காத்திருப்பதையும் அந்த மீட்டர் உழைப்பாகவே காட்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

#7 நீர்ச்சுழி

நல்ல வேலை செய்தீர்கள். இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. உங்கள் வேலை பேண்ட்வித்தில்தான் முட்டி நிற்கிறது. என் வோட்டு 9960எக்ஸுக்கு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நாலு ராம் ஸ்லாட்டையும் நிரப்ப வேண்டும். இப்போதைக்கு இரண்டு போடுவோம், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் பாதி சானலுக்குக் கொடுத்த காசு வீண். இப்படி இரண்டு அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

#8 அசெம்பிள்_ஐயா

பில்ட் செய்து கொடுப்பவன் என்ற முறையில் நான் சில விஷயம் சொல்லட்டும். முதலாளியிடம் சிப் விலையை மட்டும் சொல்லாதீர்கள்.

திரெட்ரிப்பருக்கான டிஆர்எக்ஸ்50 மதர்போர்டு ஒன்றின் விலையில் ஒரு நல்ல நடுத்தரக் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். அதில் போடுவது ஆர்டிம் ராம், கடைத்தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும் யூடிம் அல்ல. டிடிஆர்5-இல் இரண்டுக்கும் மின்சாரம் வரும் விதமே வேறு, ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. ஆர்டிம் விலை எப்போதுமே ஒரு படி மேலே. 2025 கடைசியிலிருந்து ராம் விலையே ஏறிக் கிடக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. சாக்கெட் பெரியது, அதை முழுக்க மூடும் கூலர் வேண்டும். டிடிபி, அதாவது கூலர் சமாளிக்க வேண்டிய வெப்பம், 350 வாட். எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் இரண்டும் அதற்கு ஏற்ப. சிப் விலை இரண்டு மடங்கு என்றால் மொத்த பில் அதற்கு மேலேயே போய் நிற்கும்.

9950எக்ஸ் எடுப்பதாக இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. அந்தச் சிப் உட்காரும் ஏஎம்5 போர்டில் நாலு ஸ்லாட் இருக்கிறதே என்று நாலு ராம் போடாதீர்கள். நாலு போட்டால் ஏஎம்டி உறுதி தருவது 3600 வேகம்தான். 57.6 ஜிபி. உங்கள் பழைய மெஷினுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இராது. 48 ஜிபி இரண்டு, அல்லது 64 ஜிபி இரண்டு, அதோடு நிறுத்துங்கள்.

பில் மட்டும் ஜிஎஸ்டி போட்டு வாங்குங்கள். 18 சதவீதம், பட்டறைக்கு இன்புட் கிரெடிட் எடுக்கலாம். கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் 40 சதவீதம் தேய்மானமும் உண்டு. பில் இல்லாத விலையைக் கேட்டு மயங்க வேண்டாம்.

#9 ரிச்சிதெரு

பழைய சர்வர் சிப்பை ஏன் யாரும் சொல்லவில்லை? ஏஎம்டியின் எபிக் 7002 வரிசை, 2019-இல் வந்தது. எட்டு சானல் டிடிஆர்4 3200. அதே 204.8 ஜிபி. செகண்ட் ஹேண்டில் திரெட்ரிப்பர் விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும்.

#10 கீழ்க்கட்டளை

கிடைக்கும். நானும் அப்படித்தான் ஒன்று வாங்கினேன். சிப் ஒருவரிடம், போர்டு இன்னொருவரிடம். மாட்டி ஆன் செய்தால் எழுந்திருக்கவே இல்லை. மூன்று வாரம் தேடிய பிறகுதான் புரிந்தது. அந்த சிப் ஒரு பெரிய சர்வர் நிறுவனத்தின் பெட்டியில் இருந்து கழற்றியது. எபிக் சிப்பில் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்று ஒரு வசதி உண்டு. சர்வர் தயாரிப்பவர் அதை இயக்கிவிட்டால், சிப் அவருடைய போர்டில் மட்டும்தான் எழும். உள்ளே எரித்து எழுதிய ஃப்யூஸ், திரும்ப அழிக்க முடியாது. பாதுகாப்புக்காக வைத்தது, எனக்கு அது சாவி இல்லாத பூட்டாகிவிட்டது. விற்றவரும் போனை எடுக்கவில்லை.

வாங்கினால் சிப்பும் போர்டும் ஒன்றாக, நம் கண் முன்னால் ஓட்டிக் காட்டிய ஜோடியாக வாங்க வேண்டும். முதலாளி ஒருமுறைதான் காசு தருவார் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்பேன்.

#11 பிழைதிருத்தி

வொர்க்ஸ்டேஷன் என்றால் ஈசிசி ராம், பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ராம். அதை யாரும் பேசவில்லையே. 2009-இல் கூகுளின் சர்வர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு வருடத்தில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ராம்களில் பிழை பதிவானது. ராத்திரி முழுக்க ஓடுகிற கணக்கில் ஒரு பிட் புரண்டால் என்ன ஆகும்?

இன்னொன்று, டிடிஆர்5 எல்லாவற்றிலும் ஈசிசி இருக்கிறது என்று கடையில் சொல்வார்கள். அது ராம் சிப்பின் உள்ளேயே நடப்பது. ராமுக்கும் பிராசசருக்கும் நடுவில் ஏற்படும் பிழையை அது பிடிக்காது, பிழை வந்தது என்று நமக்குச் சொல்லவும் சொல்லாது.

#12 நீர்ச்சுழி

உங்கள் கவலை நியாயமானது. ஸ்டெடி ஸ்டேட் (நேரத்தோடு மாறாத நிலை) ஓட்டத்தில் ஒரு செல்லின் மதிப்பு ஒரு சுற்றில் பிசகினால், பெரும்பாலும் அடுத்த சுற்றுகளில் அது கரைந்துவிடும். அல்லது மொத்தமாக வெடித்து ஓட்டமே நின்றுவிடும், அது கண்ணுக்குத் தெரியும். எனக்குப் பயம் கோப்பு சேமிக்கும்போது வரும் பிழையைப் பற்றித்தான். மருத்துவப் படமோ வங்கிக் கணக்கோ என்றால் ஈசிசி இல்லாமல் தொடவே மாட்டேன்.

மெயின்ஸ்ட்ரீம் எடுத்தால் ஈசிசி கிடையாது என்பதும் சரியல்ல. பல ஏஎம்5 போர்டுகளில் ஈசிசி யூடிம் வேலை செய்யும், போர்டு பட்டியலைப் பார்த்து வாங்க வேண்டும். ஏஎம்டி உறுதியோடு வேண்டும் என்றால் அதே சாக்கெட்டில் எபிக் 4005 வரிசை இருக்கிறது, 2025 மே மாதம் வந்தது. பெயரில் சர்வர், உடம்பில் ரைசன். இன்டெல்லில் 12-ஆம் தலைமுறையிலிருந்து 14 வரை என்றால் டபிள்யூ680 சிப்செட் போர்டு வேண்டும்.

#13 ஒட்டன்சத்திரம்

ஒரு குறுக்குக் கேள்வி, மன்னிக்கவும். எனக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு எஸ்எஸ்டி. லேனுக்காகத் திரெட்ரிப்பர் தேவையா?

#14 அசெம்பிள்_ஐயா

தேவையில்லை. ஏஎம்5-இல் பயன்பாட்டுக்கு 24 லேன் வருகிறது. கார்டுக்கு 16, எஸ்எஸ்டிக்கு நாலு நாலு. நாலு கார்டு, ரெய்டு கார்டு, வேகமான நெட்வொர்க் கார்டு என்று அடுக்குபவர்களுக்குத்தான் லேன் பற்றிய கவலை.

#15 தாமிரபரணி

இழையை முதலிலிருந்து இப்போதுதான் படித்தேன். நொய்யல்கரை அண்ணா, ஒரு சந்தேகம். நான் பம்ப் ஆள் இல்லை, திருநெல்வேலியில் காலேஜ் லேப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு இம்பெல்லருக்கு நீங்கள் ஒரே ஓட்டம்தான் ஓட்டுகிறீர்களா? ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீரின் அளவு) வளைவு வரைய வேண்டும் என்றால் பல டிஸ்சார்ஜ் அளவில் தனித்தனியாக ஓட்ட வேண்டாமா?

#16 நொய்யல்கரை

ஆமாம் தம்பி. ஒரு டிசைனுக்கு ஐந்து புள்ளி. டியூட்டி பாயின்ட் (பம்ப் வழக்கமாக ஓட வேண்டிய அளவு), அதற்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு. ஐந்தும் ஐந்து ஓட்டம். 14 மணி நேரம் என்று சொன்னது ஒரு புள்ளிக்கு. ஒரு வளைவு முழுதாக வர மூன்று நாள் ஆகிவிடும். அப்புறம் பிளேடு கோணத்தை ஒரு டிகிரி மாற்றினால் மறுபடி ஐந்து.

#17 தாமிரபரணி

அப்படியென்றால் ஐந்தும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கவில்லை. ஒரு புள்ளி ஒரு மெஷினிலும் அடுத்தது இன்னொரு மெஷினிலும் ஓடலாம். இரண்டு 9950எக்ஸ் மெஷின் போட்டால் என்ன?

ஒன்றுக்கு 89.6 என்றால் இரண்டும் சேர்ந்து 179.2 ஜிபி. ஒரு 9960எக்ஸின் 204.8-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, 7960எக்ஸைத் தாண்டிவிடுகிறது. 9950எக்ஸ் அறிமுக விலை 649 டாலர். இரண்டு வாங்கினாலும் 1298, ஒரு திரெட்ரிப்பர் சிப்புக்குக் கீழே. போர்டும் ராமும் சாதாரண விலை. ஒன்று பழுதானாலும் இன்னொன்று ஓடும்.

எங்கள் லேபில் ஒரு 9950எக்ஸ் இருக்கிறது, 48 ஜிபி இரண்டு, 5600. உங்கள் கேஸ் கோப்பை அனுப்பினால் இன்று ராத்திரி போட்டு விடுகிறேன்.

#18 கோர்விரும்பி

என்னுடன் படித்தவர் சென்னையில் அனிமேஷன் ஸ்டூடியோவில் இருக்கிறார். அங்கே 7960எக்ஸ் இருக்கிறது, நாலு ராமும் நிரப்பியது. ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கும். அதே கோப்பை எனக்கும் அனுப்புங்கள், ஓட்டிப் பார்த்துவிடலாம். 64 கோர் என்று பேசியதற்கு இதையாவது செய்கிறேன்.

#19 நொய்யல்கரை

இருவருக்கும் அனுப்பிவிட்டேன். டிராயிங் முதலாளியுடையது என்பதால் பழைய இம்பெல்லர் மாடல் ஒன்றைத்தான் அனுப்ப முடிந்தது. செல் எண்ணிக்கை அதேதான், என் மெஷினில் அதற்கும் 14 மணி நேரம்.

#20 தாமிரபரணி

9950எக்ஸ்: 8 மணி 5 நிமிடம். 16 கோரில் போட்டேன். சும்மா ஒரு ஆர்வத்தில் 50 சுற்று மட்டும் 8 கோரில் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட அதே வேகம்.

#21 கோர்விரும்பி

7960எக்ஸ்: 4 மணி 35 நிமிடம்.

#22 நொய்யல்கரை

ஐந்து புள்ளிக்குக் கணக்குப் போட்டேன்.

இப்போது இருப்பதில்: 70 மணி நேரம்.
7960எக்ஸ் ஒன்றில்: 23 மணிக்குச் சற்றுக் குறைவு.
9950எக்ஸ் இரண்டில்: மூன்று சுற்று வரும், 24 மணிக்குச் சற்று மேல். மூன்றாவது சுற்றில் ஒரு மெஷின் சும்மா இருக்கும், அதில் அடுத்த டிசைனின் முதல் புள்ளியைப் போட்டுவிடலாம்.

9960எக்ஸ் இதைவிட வேகமாக இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் மொத்த பில்லைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு மெஷின் பக்கம் மனம் போகிறது. அக்கா என்ன சொல்கிறீர்கள்?

#23 நீர்ச்சுழி

தாமிரபரணி கேட்ட கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். உங்கள் சிப்பில் எது முட்டுகிறது என்று பார்த்தேன், உங்கள் மேஜையில் எத்தனை ஓட்டம் வரிசையில் நிற்கிறது என்று கேட்காமல் விட்டுவிட்டேன். ஒற்றை ஓட்டம் சீக்கிரம் முடிய வேண்டுமா, வாரத்துக்கு அதிக ஓட்டம் முடிய வேண்டுமா என்பது வேறு வேறு. உங்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

என் வோட்டை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் இரண்டு இடத்தில் நீங்கள் வருத்தப்படலாம், இப்போதே யோசியுங்கள்.

முதலாவது, டிரான்சியன்ட், அதாவது நேரத்தோடு மாறுவதைக் கணக்கிடும் ஓட்டம். இம்பெல்லர் நிஜமாகவே சுழல்வதுபோல ஸ்லைடிங் மெஷ் வைத்து ஓட்டினால் ஒரே ஓட்டம் நாள்கணக்கில் போகும். அதை இரண்டு மெஷினில் பாதி பாதியாகப் போட, இரண்டையும் வேகமான நெட்வொர்க்கில் கட்ட வேண்டும். சாதாரண கிகாபிட் கேபிள் போதாது. அங்கே திரெட்ரிப்பர் ஒன்றே நிம்மதி. எங்கள் அலுவலகத்தில் ஸ்லைடிங் மெஷ்தான் அதிகம், அதனால்தான் நான் திரெட்ரிப்பர் பக்கம் பேசினேன்.

இரண்டாவது, மெஷ் அளவு. ஓபன்ஃபோமுக்குப் பத்து லட்சம் செல்லுக்கு ஒன்றிலிருந்து இரண்டு ஜிபி என்று நான் கணக்கு வைப்பேன். 2.5 கோடி செல்லுக்குத் தாராளமாக 50 ஜிபி. 96 ஜிபிக்குள் வந்துவிடும். ஐந்து கோடி, ஆறு கோடி என்று போகும் திட்டம் இருந்தால் சொல்லுங்கள்.

#24 நொய்யல்கரை

டிரான்சியன்ட் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் அக்கா, அதுவும் சத்தம், அதிர்வு என்று புகார் வந்தால். ஒரு வாரம் ஓடினாலும் பொறுத்துக்கொள்ளலாம். மெஷ் 2.5 கோடிக்கு மேல் போகாது. பம்ப் சின்னது.

#25 கோர்விரும்பி

ஒரு கேள்வி. 9950எக்ஸ்3டி எடுத்தால்? சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், அந்தக் கேஷ் 128 எம்பி.

#26 நீர்ச்சுழி

1.2 கோடி செல்லின் தரவு பல ஜிபி. 128 எம்பியில் ஒரு ஓரம்தான் நிற்கும். அந்தக் காசை நல்ல எஸ்எஸ்டியிலும் யுபிஎஸ்ஸிலும் போடுங்கள்.

வணிக மென்பொருள் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று: லைசென்ஸ் கோர் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அன்சிஸில் அடிப்படை லைசென்ஸ் 4 கோர், ஒரு எச்பிசி பேக் சேர்த்தால் இன்னும் 8. பன்னிரண்டு கோருக்குத்தான் உரிமை என்றால் 64 கோர் சிப் வாங்கி என்ன செய்வது? இரண்டு மெஷின் யோசனையும் அங்கே இவ்வளவு சுலபம் இல்லை, இரண்டாவது மெஷின் இரண்டாவது லைசென்ஸ் கேட்கும்.

#27 அசெம்பிள்_ஐயா

இரண்டு மெஷின் என்று முடிவானால் பயாஸில் இகோ மோடை 105 வாட்டில் வையுங்கள். இயல்பாக 9950எக்ஸ் 230 வாட் வரை இழுக்கும். உங்கள் கோர்கள்தான் பாதி நேரம் ராமுக்குக் காத்திருக்கின்றனவே, வாட்டைக் குறைத்தாலும் நேரம் அதிகம் கூடாது. சித்திரை மாதத்தில் பட்டறை அறையில் இரண்டு பெட்டி ராத்திரி முழுக்க ஓடும்போது இதன் அருமை தெரியும்.

கரண்ட் போனால் யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். ஓபன்ஃபோம் கன்ட்ரோல் கோப்பில் 200 சுற்றுக்கு ஒருமுறை சேமிக்கும்படியும், மறுபடி தொடங்கும்போது கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து எடுக்கும்படியும் வைத்துவிடுங்கள். பழையதை அழித்துக்கொண்டே வரும் வசதியும் அதில் உண்டு, எஸ்எஸ்டி நிரம்பாது.

ராம் 5600-இலேயே இருக்கட்டும். 6000-க்கு ஏற்றினால் கணக்கில் ஏழு சதவீதம் வரும். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு ஓட்டம் விழுந்தால் அந்த ஏழும் போய்விடும். ஈசிசி யூடிம் 5600-இல் கிடைத்தால் அதையே எடுங்கள், பிழைதிருத்தி சொன்னதும் நிறைவேறிவிடும்.

#28 நொய்யல்கரை

முதலாளியிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஒரு ராமைக் கழற்றியபோது நேரம் இரண்டு மடங்கான கதையைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஊற்று, மோட்டார் உதாரணம் சொன்னதும் உடனே புரிந்துவிட்டது. நாற்பது வருடம் பம்ப் செய்தவர் அல்லவா. இரண்டு 9950எக்ஸ், ஒவ்வொன்றிலும் 48 ஜிபி ஈசிசி இரண்டு. போர்டு பட்டியலில் அந்த ராம் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போட்டேன். ஒதுக்கிய தொகையில் மீதியும் இருக்கிறது. அதில் டெஸ்ட் பெட்டுக்குப் புது ஃப்ளோ மீட்டர் வாங்கச் சொல்லிவிட்டார், அது எனக்கு இன்னும் சந்தோஷம்.

#29 அசெம்பிள்_ஐயா

முதல்முறை ஆன் செய்யும்போது திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். ஏஎம்5 ராமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பயந்து ஸ்விட்ச்சை அணைத்துவிடாதீர்கள். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

#30 நொய்யல்கரை

நல்ல வேளை ஐயா முன்பே சொன்னீர்கள். இரண்டாவது மெஷின் எட்டு நிமிடம் கறுப்பாக நின்றது, பட்டறைப் பையன் ஸ்விட்ச் பக்கம் கை கொண்டுபோய்விட்டான்.

நேற்று மாலை ஆறரைக்கு இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி போட்டேன், 105 வாட்டில். 8 மணி 12 நிமிடம், 8 மணி 15 நிமிடம். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். காலை ஒன்பதுக்கு வந்தபோது இரண்டு புள்ளி முடிந்து, மூன்றாவதும் நாலாவதும் பாதிக்கு மேல் போயிருந்தன. பழைய 3900எக்ஸை மெஷ் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

தாமிரபரணி தம்பி, கோவை வந்தால் அவசியம் பட்டறைக்கு வாருங்கள். வைகைப்பாலம் அண்ணா, கடன் சீக்கிரம் முடியட்டும்.